விளக்கை அணைப்பதா? கோளாறைக் கண்டுபிடிப்பதா?

நம் நாட்டில் மோட்டார் கார் வைத்திருக்கும் கனவான்கள் பலரிடம் ஒரு விசித்திரமான வழக்கம் இருந்து வருகின்றது. ஏர்பேக் என்னும் காற்றுப் பையைக் குறிக்கும் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்குமானால், "இது ஏன் எரிகின்றது?" என்று அவர்கள் கேட்பதில்லை, "இதை எப்படி அணைப்பது?" என்றே கேட்கின்றார்கள். சிலர் அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு நிம்மதி அடைகின்றார்கள். வேறு சிலர் வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, கண்ணெதிரே எரியும் விளக்கை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

வீட்டுக் காவல்காரன் "திருடன், திருடன்" என்று கத்தினால், அவன் வாயில் துணியை அடைத்துவிட்டுத் தூங்கப் போகின்றவனை நாம் என்னவென்று சொல்லுவோம்?

அந்த விளக்கு செய்யும் வேலைதான் என்ன? சாவியைத் திருப்பியதும் அது சில வினாடிகள் எரிந்து அணைய வேண்டும். அதற்குள் காரிலுள்ள கன்ட்ரோல் பெட்டி, பைகளுக்கும், மோதலை அறியும் சென்சார்களுக்கும், சீட் பெல்ட்டை இறுக்கும் கருவிக்கும் செல்லுகின்ற கம்பிகளைச் சோதித்துக்கொள்ளுகின்றது. பையை விரியச் செய்யும் மருந்தைக் கொளுத்தும் திரியின் மின்தடை சுமார் 2, 3 ஓம்தான். அந்த அளவு தவறினால் பெட்டி விளக்கை எரியவிடுகின்றது; காரணத்தையும் ஒரு கோட் எண்ணாகத் தன்னுள் பதிந்து வைத்துக்கொள்ளுகின்றது. எனவே, விளக்கு அணையவில்லை என்றால், மோதல் நேரும்போது பை விரியாமலே போகலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இதற்கு அவர்கள் சொல்லும் சமாதானம், "வண்டி நன்றாகத்தானே ஓடுகின்றது" என்பதாகும். ஏர்பேக் வண்டி ஓடுவதற்காக வைக்கப்பட்டதா? வண்டி மோதி நிற்கும் அந்த ஒரு கணத்திற்காக அல்லவா வைக்கப்பட்டது! 1987 முதல் 2017 வரை முன்பக்க ஏர்பேக்குகளால் 50,000-க்கு மேற்பட்ட உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இலாகா கணக்கிட்டிருக்கின்றது. இந்தியாவிலும் 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் ஓட்டுகின்றவருக்கு ஏர்பேக் கட்டாயமாக்கப்பட்டது. பணம் கொடுத்து வாங்கிய அந்தக் காவலை ஒரு துண்டு டேப்பினால் மூடுவது புத்திசாலித்தனமா?

இதில் அக்கிரமம் ஒன்றும் இருக்கின்றது. வாடகைக் காரின் முதலாளி விளக்கை மூடச் சொல்லிவிட்டு வீட்டில் இருப்பார். ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரோ மாதச் சம்பளத்திற்கு ஓட்டும் தோழர். வண்டி மோதினால் யார் நெஞ்சு நசுங்கும்? செலவை மிச்சப்படுத்துகின்றவர் ஒருவர், உயிரைப் பணயம் வைக்கின்றவர் மற்றொருவர் என்பது எந்த ஊர் நியாயம்?

நிற்க, கோளாறின் காரணம் பல சமயங்களில் சாதாரணமானதாகவே இருக்கும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளுவதால் அதன் அடியிலுள்ள மஞ்சள் நிறக் கனெக்டர் தளர்ந்திருக்கலாம். ஸ்டியரிங்கிற்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்னும் சுருள் நாடா அறுந்திருக்கலாம். அப்போது ஹாரனும் சேர்ந்து அடிக்காமல் போவதுண்டு. பேட்டரி பலமிழந்திருக்கலாம். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளத்தில் நின்ற கார்களைப் போல, தரைவிரிப்பின் அடியில் தண்ணீர் புகுந்து கனெக்டர்களை அரித்திருக்கலாம்.

இவற்றில் எது என்பதை ஊகத்தினால் அறிய முடியாது. கோட்டைப் படித்துத்தான் அறிய வேண்டும். என்ஜின் கோட்டை மட்டும் படிக்கும் மலிவான கருவி பெரும்பாலும் இதற்கு உதவாது. ஏர்பேக் கோட்டைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். கோட்டைப் படிக்காமலே "பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும்" என்கின்ற மெக்கானிக்குக்கும், முகத்தைப் பார்த்து ஆரூடம் சொல்லுகின்றவருக்கும் என்ன வித்தியாசம்? கோட்டை அழித்துவிட்டு "சரியாகிவிட்டது" என்பதும் புரட்டே. கோளாறு இருக்குமட்டும் விளக்கு திரும்பத் திரும்ப எரியும்.

ஆனால் அறிவு என்பது அவசரமல்ல. பைக்குள் இருப்பது வெடிமருந்துபோல் எரியும் சரக்கு. ஓம் மீட்டரை அதில் வைத்துப் பார்ப்பது ஆபத்து. அந்தச் சிறு மின்சாரத்தினாலேயே பை வெடித்து விரியக்கூடும். பேட்டரியைக் கழற்றினாலும் பெட்டிக்குள் மின்சாரம் சிறிது நேரம் தங்கியிருக்கும். ஆதலால் காரோடு வந்த புத்தகம் சொல்லும் நிமிஷங்கள் வரை காத்திருந்து, தெரிந்தவரே கைவைக்க வேண்டும்.

பழைய கார் வாங்குகின்ற தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாவியைத் திருப்பும்போது அந்த விளக்கு எரியவே இல்லையென்றால், அதை யாரோ பிடுங்கியிருக்கின்றார்கள் என்று சந்தேகியுங்கள். விரிந்துபோன பைக்குப் பதில் புதுப் பை வைக்காமல், சில காசு விலையுள்ள ஒரு மின்தடையைச் செருகிப் பெட்டியையே ஏமாற்றும் பித்தலாட்டமும் உண்டு. அப்போது விளக்கு ஒழுங்காக எரிந்து அணையும். உள்ளே பை இருக்காது. ஆகையால் தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு, பை இருக்கின்றதா என்பதையே பார்க்கச் சொல்லுங்கள்.

விளக்கு அணைந்திருப்பதையும் வேதவாக்காகக் கொள்ளக்கூடாது. ஜப்பானிலிருந்த டகாட்டா கம்பெனியின் பைகளில், வெப்பத்தாலும் ஈரத்தாலும் மருந்து கெட்டு, உலோகக் கூடு சிதறி ஆட்களைக் கொன்றது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் கருவிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தக் கார்களில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. ஏனெனில் அது கம்பியைச் சோதிக்குமேயன்றி மருந்தைச் சோதிக்காது. உங்கள் காரின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகளில் அது உண்டா என்று கம்பெனியைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

ஆகவே தோழர்களே! விளக்கு எரிந்தால் கோட் என்னவென்று கேளுங்கள். அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். சொல்ல மறுக்கின்ற இடத்தில் காசு கொடுக்காதீர்கள். டேப் ஒட்டிய காரை ஓட்டச் சொல்லும் முதலாளியிடம், "முதலில் நீங்கள் இந்த சீட்டில் உட்காருங்கள்" என்று தைரியமாய்ச் சொல்லுங்கள்.