இலச்சினை அழகாயிருந்தால் மட்டும் போதுமா?

எங்களிடம் படித்த மாணவி ஒருத்தி இப்போது கிராஃபிக் டிசைன் செய்கிறாள். பல்கலைக்கழகமொன்றின் சுகாதாரத் தொடர்பாடல் நிலையத்துக்கு இலச்சினை வரையும் வேலை அவளுக்குக் கிடைத்திருக்கிறது, மாஷா அல்லாஹ். மூன்று மாதிரிகளை வட்ஸ்அப்பில் அனுப்பி, "எல்லா டீச்சர்மாருக்கும் காட்டிக் கருத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தாள். இடைவேளையில் கூடிப் பார்த்தோம். அவளுக்குச் சொன்னதை ஊராருக்கும் சொல்கிறோம்.

முதலாவதில் செஞ்சிலுவை. அது யாரும் எடுத்து ஒட்டிக்கொள்ளும் மருத்துவக் குறியல்ல. போர்க்களத்தில் காயப்பட்டோரையும் அவர்களுக்கு வைத்தியம் செய்வோரையும் காக்க 1864ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் வந்த அடையாளம். "அப்ப நம்மட ஆக்களுக்குப் பிறையைப் போடுவோமே" என்றார் ஒரு சேர். செம்பிறையும் அதே வகைதான். 1929இல் உடன்படிக்கையில் ஏற்கப்பட்டது. அதைவிட, பிறையைக் கண்டால் பக்கத்து ஊர்த் தாய் "இது எங்களுக்கில்லை" என்று விலகிப் போவாள். டெங்கு நுளம்பு ஊர் எல்லை பார்ப்பதில்லையே.

இரண்டாவதில் இரண்டு பாம்பு சுற்றிய, சிறகு வைத்த கோல். கிரேக்கக் கதைகளில் அது ஹெர்மிஸின் கோல், வணிகத்தோடு சேர்ந்தது. மருத்துவத்துக்குரிய அஸ்கிலீப்பியஸின் கோலில் ஒரே பாம்புதான், சிறகில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் சின்னத்தில் இருப்பதும் அதுவே. பல்கலைக்கழகமே பிழையான கோலைப் பிடித்தால் பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன சொல்வது?

மூன்றாவதில் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு முகங்கள். எங்களுக்குப் பிடித்தது இதுதான். ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பதுதானே தொடர்பாடல். ஆனால் நாலு வகைப் பச்சை எதற்கு? எம்.ஓ.எச். அலுவலகத்தின் பழைய போட்டோ கொப்பி மெஷினில் நாலும் ஒரே கறுப்பாகிவிடும். கறுப்பு வெள்ளையில் தெளிவாக நிற்காத இலச்சினை நம் ஊருக்கு உதவாது. தனிப் பச்சை, தனி நீலம் போட்டால் "எந்தக் கட்சி?" என்று கேட்கும் நாடு இது என்பதையும் மறக்கக் கூடாது.

எங்களுக்கு மிகவும் வலித்தது எழுத்து. சிங்களமும் ஆங்கிலமும் பெரிதாக. தமிழ் அடியில் எறும்பளவு, அதிலும் "சுகாதர" என்று கால் இல்லாமல். மூன்று மொழியும் ஒரே அளவில் வரட்டும். தமிழ் தெரிந்த ஒருவர் பார்த்த பிறகே அச்சுக்குப் போகட்டும்.

இதெல்லாம் சின்ன விடயமென்று நினைக்காதீர்கள். 2015 முதல் சிகரெட் பெட்டியில் 80 வீத இடத்தைப் பிடித்திருக்கும் படங்கள், எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்குகின்றன. படத்தின் பலம் அது. ஆனால் நம்பிக்கையைப் படம் மட்டும் உண்டாக்காது. 2020இல் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட நாட்களில், சுகாதாரத் துறையின் பெயரில் எது வந்தாலும் நம் வீடுகளில் சந்தேகத்தோடுதான் பார்த்தோம். அந்த இடைவெளியில் வட்ஸ்அப் வதந்திதான் வைத்தியரானது.

ஆகவே இலச்சினை என்பது கையொப்பம். சரிபார்க்காத எதன் கீழும் அதை வைக்கக் கூடாது. பிழை நேர்ந்தால் அதே கையொப்பத்தோடு திருத்தமும் வர வேண்டும்.

மாணவியிடம் கடைசியாக ஒன்று சொன்னோம்: "மகள், பேராசிரியர்களுக்குக் காட்ட முன்னம் கிளினிக் வரிசையில் நிற்கிற உம்மாமாருக்குக் காட்டுங்க. அவங்களுக்கு விளங்கினால் போதும்."

உங்கள் கருத்தையும் எழுதுங்கள். அவளுக்குச் சேர்ப்பிக்கிறோம்.