காலடியில் ஒரு கட்டளைப் பெட்டி!

கிட்டார் வாசிப்பவர் கடன் வாங்குமுன் கணக்குப் பார்க்கட்டும்

ஆடி மாதத்து இரவு. கல்வராயன் மலை அடிவாரம். கச்சிராயபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூர். அம்மன் கோவில் திடலில் மேடை போட்டிருக்கிறார்கள். மேடையில் இன்னிசைக் குழு. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்தவர்களும், கரும்பு வெட்டி முடித்து வந்தவர்களும், பிள்ளைகளோடு தாய்மார்களும் மணலில் அமர்ந்திருக்கிறார்கள்.

பாடகர் ஒரு தாலாட்டுப் பாட்டை முடிக்கிறார். உடனே இளைஞர்கள் ஒரு குத்துப் பாட்டு கேட்டுக் கூச்சல் போடுகிறார்கள். தாளக்காரர் தயார். கீபோர்டுக்காரர் தயார். கிட்டார்க்காரர் மட்டும் தயாரில்லை! அவர் குனிந்துகொண்டிருக்கிறார்.

ஏன்? அவர் காலடியில் ஐந்தாறு பெடல்கள் கிடக்கின்றன. ஒன்று எதிரொலி கொடுப்பது. ஒன்று ஒலியைக் கரகரப்பாக்குவது. ஒன்று அலை அலையாக ஆட்டுவது. தாலாட்டுக்கு இரண்டை மூட வேண்டும். குத்துப் பாட்டுக்கு மூன்றைத் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் இரண்டு நொடிக்குள் செய்தாக வேண்டும். அவர் மேடையில் கும்மி அடிப்பதுபோல் காலை மாற்றி மாற்றி வைக்கிறார். ஒன்று தவறிப் போகிறது. அடுத்த தாலாட்டில் ரம்பம் அறுப்பதுபோல் ஓர் ஒலி எழும்புகிறது. தூங்கிய குழந்தை விழித்து அழுகிறது. கூட்டம் சிரிக்கிறது.

சிரிப்பது எளிது. அந்த ஒரு தவறுக்காக அடுத்த ஊர்க் கச்சேரிக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களே, அது அல்லவா கஷ்டம்!

இந்தத் தொல்லையைத் தீர்க்க ஒரு பெட்டி உண்டு. அதற்கு மிடி கன்ட்ரோலர் என்று பெயர். காலால் ஒரு முறை மிதித்தால் போதும். மூன்று திறக்கும், இரண்டு மூடும், ஒலி அளவும் மாறும். எல்லாம் ஒரே மிதியில்!

இட்லியும் குரலும்

மிடி என்றால் என்ன? அது பாட்டா? ஒலியா? இரண்டும் இல்லை.

ஓட்டலுக்குப் போகிறோம். பரிமாறுகிறவர் சமையற்கட்டைப் பார்த்து, "மூணாம் டேபிளுக்கு ரெண்டு இட்லி!" என்று குரல் கொடுக்கிறார். அந்தக் குரலைத் தின்ன முடியுமா? முடியாது. குரல் வெறும் கட்டளை. இட்லி சமையற்கட்டில் இருக்கிறது. மிடி என்பது அந்தக் குரல்தான். காலடிப் பெட்டி, "5-ஆம் ஒலியை எடு" என்று சொல்கிறது. ஒலியைச் செய்வது வேறு ஒரு கருவி.

இது புரியாமல் ஏமாறுகிறவர்கள் பலர். காலடிப் பெட்டியை மட்டும் வாங்கி வந்து, கிட்டார் ஒயரை அதில் செருகப் பார்க்கிறார்கள். கிட்டார் ஒலி போக அதில் பெரும்பாலும் வழியே இருக்காது!

இந்த மொழி பிறந்தது 1983-இல். அதற்கு முன் ஒரு கம்பெனியின் கருவி, மறு கம்பெனியின் கருவியோடு பேசாது. ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியை நிறுவிய இகுதாரோ காகேஹாஷி, அமெரிக்காவில் சீக்வென்ஷியல் கம்பெனியை நடத்திய டேவ் ஸ்மித் ஆகிய இருவரும் இதற்கு முன்நின்றார்கள். இருவரும் வியாபாரத்தில் போட்டியாளர்கள். ஆனாலும் 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக் கருவிக் கண்காட்சியில், இவர் கருவியையும் அவர் கருவியையும் ஒரே ஒயரால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலித்தது! இதற்காக 2013-இல் இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுத்தார்கள்.

விருதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. இந்த மொழியைப் பயன்படுத்த யாரும் யாருக்கும் உரிமைப் பணம் கட்டவேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள். அதனால்தான் இன்று விலை குறைந்த பெட்டியும் விலை உயர்ந்த பெட்டியும் ஒரே மொழி பேசுகின்றன. ஏழைக் கலைஞன் இதை மறக்கக் கூடாது. கடைக்காரர் எதைப் புகழ்ந்தாலும், "5-ஆம் ஒலியை எடு" என்ற கட்டளை எல்லாப் பெட்டியிலும் ஒன்றுதான்.

வேலை பறித்த மொழி

தமிழ்நாட்டுக்கும் இந்த மொழி விரைவிலேயே வந்துவிட்டது. 1986-இல் வெளிவந்த "புன்னகை மன்னன்" படத்தில் இளையராஜா கணினி கொண்டு இசை அமைத்ததை ரசிகர்கள் இன்றும் பேசுகிறார்கள். 1992-இல் "ரோஜா" வந்தது. ஏ.ஆர். ரகுமானின் கீபோர்டும் கணினியும் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தன.

நன்மை வந்தது, கூடவே தீமையும் வந்தது. பலர் கூடி வயலின் வாசித்த இடத்தில் ஒரு கீபோர்டு வந்து உட்கார்ந்தது. ஊர்த் திருவிழா மேடையிலும் அதே கதைதான். பெரிய குழு நின்ற இடத்தில் நாலைந்து பேர் நிற்கிறார்கள். புல்லாங்குழல்காரர் எங்கே? கீபோர்டுக்குள் இருக்கிறார்! தபலாக்காரர் எங்கே? அவரும் உள்ளேதான்!

கிட்டார்க்காரர் மட்டும் தப்பிப் பிழைத்தார். கம்பியை விரல் நுனியால் வளைத்து ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு இழுக்கிறாரே, அதைக் கட்டையை அமுக்கிக் கொண்டுவருவது கடினம். கீபோர்டிலும் அதற்கென்று ஒரு சக்கரம் இருக்கிறது. சக்கரம் சக்கரம்தான், விரல் விரல்தான்.

ஆகவே காலடிப் பெட்டி கிட்டார்க்காரருக்கு எதிரியல்ல, துணைவன். அது அவர் கையைப் பறிக்கவில்லை, கைக்கு ஓய்வு கொடுக்கிறது. "கை பேச வேண்டிய இடத்தில் காலுக்கு என்ன வேலை?" என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். காலால் மிதித்து வாசித்த ஆர்மோனியத்தை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும்! நாடக மேடையில் அந்தப் பெட்டி முழங்காத ஊர் எது?

ஆனால் ஒரு எச்சரிக்கை. "இனி ஒரு கிட்டார்க்காரரே இரண்டு பேர் வேலை செய்வார். மற்றவரை நிறுத்திவிடலாமே!" என்று குழு நடத்துகிறவர் நினைக்கக்கூடும். அது நியாயமல்ல. பெட்டி ஒலியை மாற்றும். இரண்டு கிட்டார் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல் வாசிக்குமா? வாசிக்காது. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே தாமதம் குறைந்தால் லாபம் குழுவுக்குத்தான். எனவே பெட்டியின் விலையில் பாதியைக் குழுவே ஏற்பதுதான் முறை.

முதலில் நோட்டுப் புத்தகம்

எந்தப் பெட்டியை வாங்குவது? கடைக்குப் போகுமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுக்க வேண்டும். குழு பாடும் பாட்டுகளை எல்லாம் எழுத வேண்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே, கிட்டாருக்கு என்ன ஒலி தேவை என்று குறிக்க வேண்டும். எழுதிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஐம்பது பாட்டு இருந்தாலும் ஒலிகள் ஐந்தாறுக்குள் அடங்கிவிடும்! வெறும் ஒலி ஒன்று. எதிரொலி சேர்ந்தது ஒன்று. கரகரப்பு ஒன்று. தனித்து வாசிக்கும்போது சற்று உரத்த ஒலி ஒன்று. அவ்வளவுதான்.

அப்படியானால் ஆறு சுவிட்ச் உள்ள சிறு பெட்டி போதும். பெஹ்ரிங்கர் எஃப்.சி.பி.1010 என்ற பெட்டி உலகெங்கும் பெயர் பெற்றது. அதில் 10 சுவிட்ச், 2 மிதிபெடல். 100 அமைப்புகளை வைத்துக்கொள்ளலாம். நல்ல பெட்டிதான், ஆனால் இரண்டடிக்கு மேல் நீளம்! கள்ளக்குறிச்சி பஸ்ஸில், திருவிழாக் கூட்டத்தில், கிட்டாரையும் தூக்கிக்கொண்டு அதையும் தூக்கிப் பார்த்தவருக்குத்தான் அருமை தெரியும்.

அடுத்து, கையில் இருக்கும் கருவிக்கு மிடி தெரியுமா என்று பார்க்க வேண்டும். இதுதான் மிக முக்கியம். சாதாரணச் சிறு பெடல்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மொழி தெரியாது. செவிடன் காதில் ஊதிய சங்குதான்! பின்பக்கத்தில் ஐந்து துளை உள்ள வட்ட ஓட்டை இருந்து, அருகில் "மிடி இன்" என்று எழுதியிருந்தால் தெரியும் என்று பொருள். சில புதுக் கருவிகளில் வட்ட ஓட்டைக்குப் பதில், இயர்போன் செருகுவது போன்ற சிறு ஓட்டை இருக்கும். இதில் ஏ, பி என்று இரண்டு வகை உண்டு. ஏ வகையே பொது முறை என்று 2018-இல் முடிவு செய்தார்கள். அதற்கு முன் வந்த கருவிகளில் பி வகையும் உண்டு. ஒன்றுக்கு மற்றதன் ஒயரைப் போட்டால் வேலை செய்யாது.

யு.எஸ்.பி. விஷயத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. "யு.எஸ்.பி.யில் மிடி உண்டு" என்று பெட்டிமேல் அச்சடித்திருப்பார்கள். பெரும்பாலும் அது கணினியோடு பேசுவதற்கு. கட்டளைப் பெட்டியில் யு.எஸ்.பி. மட்டும், ஒலிக் கருவியிலும் யு.எஸ்.பி. மட்டும் என்றால், நடுவே கணினியோ அதற்கென்று உள்ள வேறு கருவியோ இல்லாமல் இரண்டும் பேசிக்கொள்ளா. மாப்பிள்ளையும் பெண்ணும் வந்தாயிற்று. தரகரைக் காணோம் என்ற கதை!

இன்னொன்று. நம் ஊரில் கோவில் மேடையில் செருப்புப் போடுவதில்லை. வெறுங்காலால் மிதிக்க வேண்டும். வெளிநாட்டுப் பெட்டிகள் பூட்ஸ் காலுக்காகச் செய்தவை. சில சுவிட்சுகள் கல் போல் இருக்கும். இரவு முழுதும் மிதித்தால் உள்ளங்கால் கன்றிப்போகும். இரண்டு சுவிட்சுக்கு நடுவே பாதம் விழ இடம் வேண்டும். கடையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்க்க வெட்கப்படக் கூடாது.

எண் ஒன்று குறைவதேன்?

வாங்கியாயிற்று. இனிப் பழக்க வேண்டும். இதைக் கடைப் பையனிடம் விடக் கூடாது. நள்ளிரவில் மேடையில் ஏதேனும் தகராறு வந்தால் கடைப் பையனா வருவான்?

மிடியில் 16 சானல்கள் உண்டு. சானல் என்பது தெரு. கட்டளைப் பெட்டி 1-ஆம் தெருவில் கூவினால், ஒலிக் கருவியும் 1-ஆம் தெருவில் இருக்க வேண்டும். அது 2-ஆம் தெருவில் இருந்தால் கேட்காது. பெட்டி கெட்டுவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் நோய்.

அந்தத் தெருவில் 128 வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஒலி அமைப்பு. "இந்த வீட்டைத் திற" என்பது ஒரு வகைக் கட்டளை. இதிலே ஒரு வேடிக்கை. சில கம்பெனிகள் வீட்டை 1 முதல் 128 வரை எண்ணுகின்றன. சில கம்பெனிகள் 0 முதல் 127 வரை எண்ணுகின்றன. பெட்டியில் 5 என்று போட்டால் கருவியில் 6 திறக்கும்! பயப்பட வேண்டாம். எல்லாவற்றிலும் ஒன்றைக் குறைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

இன்னொரு வகைக் கட்டளை உண்டு. இது வீட்டையே மாற்றாது. அதே வீட்டில் ஒரு விளக்கை ஏற்றும், அணைக்கும், அல்லது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். இதற்கு ஓர் எண்ணும், 0 முதல் 127 வரை ஓர் அளவும் உண்டு. 7 என்ற எண் வால்யூமுக்கு. 11 என்ற எண் பாட்டின் உணர்ச்சிக்கேற்ப ஏற்றி இறக்குவதற்கு.

இந்த இரண்டில் எதை எப்போது பயன்படுத்துவது? பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வீட்டை மாற்றலாம். பாட்டு ஓடும்போது விளக்கை மட்டும் மாற்றுவதே நல்லது. ஏனென்றால், வீடு மாறும்போது பல கருவிகளில் ஒலி ஒரு கணம் அறுந்துபோகும். நீண்டு வந்த எதிரொலி கத்தரித்தாற்போல் நின்றுவிடும். இது மிடியின் குற்றமல்ல. கட்டளை போய்ச் சேர, ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு போதும். கருவிதான் பாத்திரத்தை மாற்ற நேரம் எடுத்துக்கொள்கிறது.

மிதிபெடல் வைத்து ஒலியைக் கூட்டிக் குறைப்பவர்கள், மிகக் குறைந்த அளவை 0 என்று வைத்துவிடுகிறார்கள். கால் வழுக்கினால் கிட்டார் ஊமை! 40 அளவில் நிறுத்திவைத்தால், எவ்வளவு பின்னே சாய்ந்தாலும் கொஞ்சம் கேட்கும்.

வீட்டில் மெல்லிய சத்தத்தில் சரிபார்த்ததை மேடையில் நம்பக் கூடாது. படுக்கையறையில் இனித்த ஒலி, பெரிய ஸ்பீக்கரில் காதைக் கிழிக்கும். ஊர்த் திடலுக்கு மாலையிலேயே போய், மைக் செட் கட்டியவுடன், எல்லா ஒலிகளையும் உரக்க வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். சரிசெய்ததை அன்றிரவே அந்த நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

கடன் வேண்டாம்

திருவிழாக் காலம் சில மாதங்கள்தான். வட்டியோ பன்னிரண்டு மாதமும் ஓடும். கோமுகி அணைத் தண்ணீரை நம்பிப் பயிர் வைப்பவர், அணையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று பார்த்துத்தான் நாற்று விடுகிறார். கிட்டார்க்காரரும் கையில் எத்தனை கச்சேரி இருக்கிறது என்று பார்க்கட்டும். ஒருவர் பயன்படுத்தி விற்கும் பழைய பெட்டி கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். 1983-இன் மொழி இன்றும் மாறவில்லை. 2020-இல் இரண்டாம் மிடி என்று புது முறை வந்திருக்கிறது. அதுவும் பழைய மொழியைத் தள்ளிவைக்கவில்லை. பழைய பெட்டியில் பார்க்க வேண்டியது சுவிட்சுகள் தேய்ந்திருக்கின்றனவா என்பதுதான். ஒரு மிதிக்கு இரண்டு முறை பேசினால் சுவிட்ச் போய்விட்டது என்று பொருள்.

ஒயர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் ஆகாது. நீளம் 15 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அவசரத்துக்கு இன்னொன்று பையில் இருக்க வேண்டும். பழைய டேப் ரிக்கார்டர் ஒயருக்கும் இதே ஐந்து முள் முகம் உண்டு. முகத்தைப் பார்த்து எடுத்துப் போட்டால் ஏமாற நேரும். உள்ளே இணைப்பு வேறாக இருக்கலாம். கச்சேரி முடிந்ததும் மைக் செட்டுக்காரர் தம் ஒயர்களைச் சுருட்டுவார். விடியற்காலைத் தூக்கத்தில் இந்தக் கறுப்பு ஒயரையும் சேர்த்துச் சுருட்டிவிடுவார். அதன் இரு முனையிலும் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்தால், அடுத்த ஊரில் தேட வேண்டியிருக்காது.