கண்ணுக்குத் தெரியாத ரப்பர் வளையமும் ஓர் அமானிதமே

 

மார்க்கம் பேசும் இடத்தில் மோட்டார் சைக்கிளின் பிரேக்கைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகளை மத்ரஸாவுக்கும், பெற்றோரை மருத்துவமனைக்கும் சுமந்து செல்வது அந்த வாகனம்தான். அதன் பிரேக்கை வீட்டு வாசலிலேயே கழற்றிப் பழுதுபார்ப்போரும் நம்மில் பலர் உண்டு. அடியேனும் அவர்களுள் ஒருவன். என் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வண்டியின் முன்சக்கரம் இறுகிச் சுழன்றது. சகோதரியின் மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு டிஸ்க் பிரேக்கின் காலிப்பரைக் கழற்றினேன். பிஸ்டனை வெளியே எடுத்துத் துடைத்தோம். உள்ளே இரண்டு ரப்பர் வளையங்கள் இருந்தன. "மாமா, புது சீல் வாங்கிட்டு வரட்டுமா?" என்று மருமகன் கேட்டான். வளையங்களை விரலால் அழுத்திப் பார்த்தேன். கிழிசல் இல்லை, வெடிப்பு இல்லை. "இதுவே நன்றாகத்தானே இருக்கிறது, வீண்விரயம் எதற்கு?" என்று கூறி, பழையவற்றையே பொருத்திவிட்டேன்.

சில வாரங்கள் குறையில்லை. ஒருநாள் மாலை மகளைப் பின்னால் அமர்த்தி வந்தபோது, சந்து முனையில் ஓர் ஆடு குறுக்கே ஓடியது. பிரேக்கைப் பிடித்தேன், லீவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டது. வேகம் குறைவாக இருந்ததாலும் பின்பிரேக் வேலை செய்ததாலும், அல்லாஹ்வின் அருளால் தப்பினோம். இறங்கிப் பார்த்தபோது காலிப்பரின் அடியில் ஈரம் கசிந்திருந்தது. நான் மிச்சப்படுத்தியது சில நூறு ரூபாய். பணயம் வைத்ததோ என் மகளின் உயிரை.

அந்த வளையத்தின் வேலை என்னவென்று பிறகுதான் முறையாக அறிந்துகொண்டேன். காலிப்பரில் வெட்டப்பட்ட ஒரு பள்ளத்தினுள் அது பிஸ்டனைச் சுற்றி அமர்ந்திருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது திரவத்தின் அழுத்தம் பிஸ்டனை முன்னே தள்ளும். பிஸ்டனைப் பற்றியிருக்கும் வளையமும் சற்றே வளைந்துகொடுக்கும். லீவரை விட்டதும் அது தன் பழைய வடிவுக்குத் திரும்பி, பிஸ்டனை மயிரிழை அளவு பின்னே இழுத்துக்கொள்ளும். ஆக, திரவத்தைக் கசியாமல் காப்பதும், பிஸ்டனைத் திரும்ப இழுப்பதும் அதன் இரு கடமைகள். மற்றொரு வளையமாகிய டஸ்ட் சீல், தூசியும் நீரும் உள்ளே புகாமல் தடுக்கிறது.

ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இருந்த ரப்பர் இறுகிப்போகிறது. ஒரே வடிவில் படிந்தும் விடுகிறது. கழற்றும்போது கருவியின் முனையோ, பிஸ்டனில் ஏறிய துருவோ அதில் நுண்ணிய கீறலை உண்டாக்கலாம். அக்கீறல் கண்ணுக்குத் தெரியாது. பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் வேளையில்தான் வெளிப்படும். "பார்வைக்கு நன்றாக இருக்கிறது" என்ற என் தீர்ப்பு பிழைத்தது இங்கேதான்.

ஆகவே என் கருத்து இதுதான்: பிஸ்டன் வெளியே வந்துவிட்டால், சீல் புதிதாகவே இருக்க வேண்டும். பிரேக் பேட் மட்டும் மாற்றுகிறீர்கள், பிஸ்டன் தடையின்றி நகர்கிறது, கசிவும் இல்லை என்றால் சீலைத் தொட வேண்டியதில்லை. நல்ல நிலையில் இருப்பதைக் காரணமின்றிப் பிடுங்கி எறிவதும் சரியன்று.

இது வீண்விரயம் ஆகாதா என்று கேட்போருக்கு ஒன்று சொல்வேன். அல்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் விரயத்தைக் கண்டிப்பதோடு நிற்கவில்லை; செலவிட வேண்டிய இடத்தில் கையை இறுக மூடிக்கொள்வதையும் கண்டிக்கிறது. தன் கடமையைச் செய்ய இயலாத பொருளை மாற்றுவது விரயமன்று. சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு.

"பழைய சீலைப் போட்டே பலர் பல ஆண்டுகள் ஓட்டுகிறார்களே" என்பார்கள். உண்மைதான், ஓடவும் கூடும். ஆனால் அது ஓடாமல் போகும் நாளில் விலை கொடுப்பவர் நாமாக மட்டும் இருப்பதில்லை. பின்னால் அமர்ந்திருக்கும் தாயோ, சாலையைக் கடக்கும் யாரோ ஒரு முதியவரோ அதைக் கொடுக்க நேரிடும். தீங்கைத் தடுப்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பிறர் உயிரை வைத்துத் துணிச்சல் காட்ட நமக்கு உரிமை இல்லை. தவக்குல் என்று கூறித் தப்பிக்கவும் இயலாது. ஒட்டகத்தைக் கட்டிய பிறகே இறைவனைச் சார்ந்திருக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தியை நாம் அனைவரும் அறிவோம்.

வீட்டில் செய்வோர் கவனிக்க வேண்டியவை சில. முதலாவது, "பிரேக் ஆயில்" என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. டாட் 3, டாட் 4 எனப்படும் அத்திரவங்கள் என்ஜின் ஆயிலின் இனமல்ல. பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ் ஆகியவை பட்டால் இந்த சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். எனவே அவற்றால் கழுவவோ தடவவோ கூடாது. புதிய சீலில் புதிய பிரேக் திரவத்தையே தடவிப் பொருத்த வேண்டும். அத்திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நெடுநாள் திறந்து கிடந்த பாட்டிலைப் பயன்படுத்தாதீர்கள்.

இரண்டாவது, சீல் அமரும் பள்ளத்தில் படிந்திருக்கும் வெண்மையான அழுக்கை, உலோகத்தைக் கீறாமல் நீக்க வேண்டும். அது எஞ்சியிருந்தால் புதிய சீலும் பிஸ்டனை நெருக்கும். மூன்றாவது, உங்கள் வண்டிக்கே உரிய சீல் கிட்டை வாங்குங்கள். பிரேக் குழாயைக் கழற்றியிருந்தால் அதன் போல்ட்டிலுள்ள வாஷர்களையும் மாற்றுங்கள். பிறகு காற்றை முழுவதும் வெளியேற்றி, லீவரை அழுத்திப் பிடித்துக் கசிவு உண்டா எனப் பாருங்கள். முதல் ஓட்டம் தனியாகவும் மெதுவாகவும் இருக்கட்டும். இவற்றில் ஒன்றில் ஐயம் இருந்தாலும், அறிந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே பொறுப்பு.

இறுதியாக, வண்டியை விற்போருக்கும் ஒரு சொல். மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்து, அந்த வணிகரைக் கண்டித்தார்கள். பழைய சீலை மாட்டி, வெளியே பளபளப்பாகத் துடைத்து, "பிரேக் புதிதாகச் சர்வீஸ் செய்தது" என்று விற்பதும் அந்தக் குவியலைப் போன்றதே. குறையைச் சொல்லி விற்பதில் தான் பரக்கத் இருக்கிறது.

பிறர் கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் நேர்மையாக நடந்துகொள்வதே ஈமானின் அழகு. நம்மை நம்பிப் பின்னால் ஏறி அமர்வோரின் அமானிதத்தைப் பேணும் நன்மக்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.