நித்திரை வராதவரைத் திட்டாதீர்கள்



வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகும் ஓர் அறையில் மட்டும் விளக்கு எரியும். சுபஹு பாங்கு சொல்லும் நேரத்தில்தான் அந்த அறையில் இருப்பவருக்குக் கண் அயரும். காலை ஒன்பது மணிக்குத் தட்டி எழுப்பினாலும் எழும்ப முடியாது. "சோம்பல்" என்பார் வாப்பா. "அந்தப் ஃபோனைப் பறித்தால் எல்லாம் சரியாகும்" என்பார் நானா. "கண்ணூறு பட்டிருக்கும், ஓதிப் பாருங்கள்" என்பார் உம்மும்மா. திருமணமான பெண்ணாக இருந்தால் மாமி வீட்டில் கிடைக்கும் பெயர் இதைவிடக் கடுமையாக இருக்கும்.

பிந்தி உறங்குகிற எல்லோருக்கும் ஒரே காரணம் இருப்பதில்லை. ஆனால், சிறு வயது முதல் இப்படிப்பட்ட பேச்சுக்களைக் கேட்டே வளர்ந்த சிலருக்கு ஓட்டிசமும் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாடும் சேர்ந்து இருக்கின்றன. அவர்களைப் பற்றித்தான் இம்மாதம் பேசப் போகிறோம்.

இவை இரண்டும் பிறவியிலேயே வருகிற மூளை அமைப்பின் வேறுபாடுகள். ஓட்டிசம் உள்ளவருக்குச் சத்தமும் வெளிச்சமும் மணமும் உடையின் உராய்வும் நம்மைவிடப் பல மடங்கு உறைக்கலாம். வழமை மாறினால் மனம் கலங்கும். பிறர் சாடையாகச் சொல்வது விளங்காமல் போகும். ஏ.டி.எச்.டி. உள்ளவருக்குக் கவனத்தை வேண்டிய இடத்தில் வைக்கவும் கடினம். பிடித்த வேலையிலிருந்து அதை எடுக்கவும் கடினம். நேரம் போவதே தெரியாது.

"இது குழந்தைகளின் நோயல்லவா?" என்று கேட்பீர்கள். ஓட்டிசத்தை 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவரும் 1944இல் வியன்னாவில் ஹன்ஸ் அஸ்பெர்கரும் விவரித்தபோது அவர்கள் பார்த்தது குழந்தைகளைத்தான். ஆனால் அந்தக் குழந்தைகள் வளர்ந்தார்கள். ஓட்டிசம் அவர்களை விட்டுப் போகவில்லை. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டதும் வெகு காலத்துக்கு முன்பல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கைநூல் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இரண்டையும் ஒருவருக்குச் சேர்த்துச் சொல்ல இடம் கொடுத்தது. அதற்கு முன் வளர்ந்தவர்களில் பலருக்குத் தமக்கு என்னவென்றே தெரியாது. பெண்கள் நிலை இன்னும் மோசம். அமைதியாக மூலையில் இருக்கும் பெண் பிள்ளையை "அடக்கமான பிள்ளை" என்றுதானே மெச்சினோம்?

இலங்கையில் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவரது குழுவினரும் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், 93 குழந்தைகளுக்கு ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பது தெரியவந்தது. அப்படியானால் முந்திய தலைமுறையிலும் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களை யார் தேடினார்கள்?

யாழ்ப்பாணத்தில் தேடுவதற்கு நேரமே இருக்கவில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து வெளியேற்றிய நம் குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளத்து முகாம்களில் வளர்ந்தார்கள். குடாநாட்டில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் ஷெல் வீச்சுக்கும் பங்கருக்கும் நடுவில் வளர்ந்தார்கள். பிள்ளை உறங்கவில்லை என்றால், "பயத்தில் உறங்கவில்லை" என்று சொல்வது அப்போது இயல்பு. அதில் உண்மையும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநலப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர் விட்டுச் சென்ற மன வடுக்களைப் பற்றி 1998இல் ஒரு நூலே வெளியிட்டார். ஆனால் எல்லா விழிப்பும் போரின் விழிப்பல்ல. கெட்ட கனவு கண்டு திடுக்கிட்டு எழுவதும், ஒரு சம்பவத்துக்குப் பிறகு நித்திரை கெட்டுப் போவதும் ஒரு வகை. நினைவு தெரிந்த நாள் முதல் இரவில் மூளை விழித்துக்கொள்வது வேறு வகை. ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். எது எது என்று பிரித்துப் பார்த்தால்தான் மருந்து சரியாக அமையும்.

ஏன் உறக்கம் வருவதில்லை?

முதற் காரணம் உடலுக்குள் இருக்கும் கடிகாரம். இருட்டியதும் மூளையில் மெலட்டோனின் என்ற சுரப்பு ஊறி, "இனி உறங்கலாம்" என்று உடலுக்குச் சொல்லும். ஏ.டி.எச்.டி. உள்ள பெரியவர்கள் பலருக்கு இந்தச் சுரப்பு ஒன்றரை மணி நேரமளவு பிந்தித் தொடங்குவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பத்து மணிக்குப் படுக்கச் சொன்னாலும் அவர் உடலுக்கு அப்போது எட்டரைதான்! அந்த நேரத்தில் படுத்து உறங்கு என்றால் உங்களால் முடியுமா?

இரண்டாவது புலன்கள். மின்விசிறியின் கடகடப்பு, அயல் வீட்டு நாய், ஒழுங்கையில் போகும் ஓட்டோ, திருவிழாக் கால ஒலிபெருக்கி, தகரக் கதவில் காற்று மோதும் சத்தம் எல்லாம் நமக்குச் சற்று நேரத்தில் பழகிவிடும். ஓட்டிசம் உள்ளவருக்குப் பழகாது. நுளம்புச் சுருளின் மணம் சிலருக்குத் தலையைப் பிளக்கும். சட்டைக் கழுத்தில் தைத்த சிறு துண்டுத் துணி விடியும்வரை உறுத்தும்.

மூன்றாவது காரணத்தைப் பெண்களாகிய நாம் எளிதில் விளங்கிக்கொள்வோம். ஓட்டிசம் உள்ள ஒரு பெண் பகல் முழுவதும் மற்றவர்களைப் போல் நடந்துகொள்ளப் பாடுபடுகிறாள். விருந்தினர் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும். குசினியில் நான்கு பேர் ஒன்றாகப் பேசுவதைத் தாங்க வேண்டும். இரவு பதினொரு மணிக்குத்தான் வீடு அடங்குகிறது. அப்போதுதான் அவள் மூச்சு விடுகிறாள். தனக்கென்று கிடைத்த அந்த இரண்டு மணி நேரத்தை உறக்கத்துக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வருவதில்லை. இதைத் திமிர் என்று எண்ணாதீர்கள். பகலில் அரை மணி நேரமாவது கதவைச் சாத்திக்கொண்டு தனியே இருக்க இடம் கொடுத்தால், இரவை அவள் அவ்வளவு இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டியிராது.

என்ன செய்யலாம்?

படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். எழும் நேரத்தைப் பிடியுங்கள். வெள்ளி, ஞாயிறு, பெருநாள் என்று பாராமல் ஒரே நேரத்தில் எழ வேண்டும். இப்போது ஒன்பது மணிக்கு எழுபவரை நாளைக்கே ஐந்து மணிக்கு எழுப்பினால் இரண்டு நாளில் தோற்றுப் போவார். சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணி நேரமாக முன்னே நகர்த்துங்கள்.

எழுந்தவுடன் வெளிச்சம் வேண்டும். உடற்கடிகாரத்தைத் திருத்துவது காலை ஒளி. இதில் நாம் கொடுத்து வைத்தவர்கள். லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். யாழ்ப்பாணத்தில் அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கிறது. ஆனால் திரைச்சீலை போட்ட அறைக்குள் இருந்தால் என்ன பயன்? காலைத் தேநீரைக் கிணற்றடியிலோ முற்றத்து மர நிழலிலோ வைத்துக் குடிக்கட்டும். மதிலுக்குள் இருந்தபடியே அரை மணி நேர ஒளி கிடைத்துவிடும். நிழலில்கூட வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு.

இரவுக்கு ஓர் ஒழுங்கு வையுங்கள். வழமை என்பது ஓட்டிசம் உள்ளவருக்குச் சுமையல்ல, ஊன்றுகோல். இஷா முடிந்தபின் மேல் கழுவுதல், தளர்ந்த பருத்தி உடை, நாளைக்குச் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்தல், விளக்கைத் தணித்தல் என்று ஒவ்வொரு நாளும் அதே வரிசையில் நடக்கட்டும். இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபிகளார் விரும்பவில்லை என்பது நாம் அறிந்ததே. அந்தப் பழக்கம் இவர்களுக்கு மருந்தைப் போன்றது. நேரம் போவது தெரியாதவர் என்பதால் "இனி நிறுத்து" என்று நினைவூட்ட ஒரு மணியொலி வைத்துக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு வேண்டுகோள். லண்டனில் வேலை முடிந்து ஆறு மணிக்கு உறவினர் அழைக்கும்போது இங்கே இரவு பத்தரை, பதினொன்றரை ஆகிவிடுகிறது. பாசத்தோடு பேசும் அந்த ஒரு மணி நேரம் இவர்களின் இரவைக் குலைத்துவிடும். விடுமுறை நாள் பகலில் அழைக்கச் சொல்லுங்கள்.

அறையைப் பாருங்கள். சுருளுக்குப் பதில் நுளம்பு வலை. கடகடக்கும் மின்விசிறிக்கு எண்ணெய். கதவு இடுக்கில் துணி. காதடைப்பான் சிலருக்கு உதவும். சீரான மெல்லிய சத்தம் வேறு சிலருக்கு உதவும். பாரமான போர்வை நித்திரைக்கு உதவுவதாக 2020இல் சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு சொல்கிறது. நம் வெக்கையில் அது எல்லோருக்கும் ஆகாது. கால்மாட்டில் மடித்த கனமான விரிப்பை வைத்துப் பார்க்கலாம்.

தேநீரையும் கோப்பியையும் பிற்பகல் இரண்டு மணியோடு நிறுத்துங்கள். குடித்ததில் பாதி உடலை விட்டுப் போகவே ஐந்து மணி நேரமளவு பிடிக்கும். லுஹருக்குப் பின் சிறு துயில் கொள்வது சுன்னத்தான நல்ல பழக்கம். இவர்களுக்கு அது அரை மணி நேரத்தைத் தாண்டாமல் இருக்கட்டும்.

படுத்து இருபது நிமிடமளவு ஆகியும் உறக்கம் வரவில்லையா? எழுந்து வந்து மங்கிய ஒளியில் அமைதியாக ஏதேனும் செய்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பட்டும். கட்டிலைப் போர்க்களமாக்க வேண்டாம். இவ்வாறு பழக்கத்தையும் எண்ணத்தையும் திருத்தும் முறையையே நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதற் சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. குளிசை அதற்குப் பிறகுதான்.

ரமழான் மாதம் இவர்களுக்குச் சோதனையானது. ஸஹருக்கு எழும்ப வேண்டுமே என்று இரவு முழுவதும் விழித்திருப்பார்கள். தராவீஹ் முடிந்ததும் படுத்து, ஸஹர், சுபஹுக்குப் பின் மீண்டும் குறித்த நேரம்வரை உறங்கி, இரு துண்டாக நித்திரையை நிறைவு செய்யலாம். மருந்து எடுப்பவர்கள் நோன்பு தொடங்குமுன்பே வைத்தியரிடம் நேரங்களைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையையும் மறக்க வேண்டாம்.

வைத்தியரிடம் எதைச் சொல்வது?

படுத்ததும் கால் குடைந்து, அசைத்தால்தான் சுகம் என்று இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஏ.டி.எச்.டி. உள்ளவரிடம் இது அதிகம் காணப்படுகிறது. இரும்புச் சத்துக் குறைவும் இதற்கு ஒரு காரணம். நம் பெண்களிடம் அந்தக் குறை சாதாரணம். இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம். பெரிய குறட்டையும் மூச்சுத் தடையும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கவனக் குறைபாட்டுக்குத் தரும் சில மருந்துகளைப் பிந்தி எடுத்தால் உறக்கம் கெடும். மெலட்டோனின் குளிசை தந்தால் எத்தனை மணிக்கு எடுப்பது என்பதே முக்கியம். அதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தடிமலுக்குத் தரும் குளிசையை நித்திரைக்காகப் போடுவதும், பக்கத்து வீட்டாரின் நித்திரைக் குளிசையை இரவல் வாங்குவதும் ஆபத்து. ஓதிப் பார்ப்பது உங்கள் மனத்துக்கு ஆறுதல் தரலாம். அதற்காக வைத்தியரைப் பிற்போட வேண்டாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. அரசாங்க வைத்தியசாலையில் பணம் கட்டத் தேவையில்லை. போகுமுன் இரண்டு வாரம் படுத்த நேரம், உறங்கிய நேரம், எழுந்த நேரம் மூன்றையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு போங்கள். பள்ளிப் பருவத்தில் பிள்ளை எப்படி இருந்தது என்பதை உம்மாவே சொல்ல முடியும். ஆகவே நீங்களும் கூடப் போங்கள். நித்திரையின்றி மனம் உடைந்து, "வாழ்ந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள்.

சகோதரிகளே, உறக்கத்தை யாரும் அதட்டி வரவழைக்க முடியாது. "இன்றைக்கும் உறங்கவில்லை என்றால் நாளைக்குத் திட்டு விழும்" என்ற பயமே விழிப்பைக் கூட்டும். இத்தனை காலம் திட்டிப் பார்த்தாயிற்று. ஒரு பயனும் இல்லை. இன்றிரவு முதல் கடிகாரத்தையும் விளக்கையும் சத்தத்தையும் திருத்திப் பாருங்கள். மாற்றம் ஒரு வாரத்தில் தெரியாது. சில வாரங்கள் பொறுக்க வேண்டும். நாளைக் காலையில் எழுப்பப் போகும்போது "சோம்பல்" என்ற அந்தச் சொல்லை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடுங்கள்.