குவித்துப் போட்ட கரண்டி

இரவு இரண்டரை மணிக்குத் தொட்டிலிலிருந்து முதலில் ஒரு முனகல் வரும். விளக்கைப் போட்டுப் பார்த்தால் பேரனின் முகம் செக்கச்செவேல் என்று சிவந்திருக்கும். இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கி, விரல்களை இறுக்கிக்கொண்டு முக்குவான். கொஞ்ச நேரத்தில் அது வீறிட்ட அழுகையாகிவிடும். அப்போது அவனுக்குப் பதினாறு நாள்.

ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா எழுந்து உட்கார்ந்து, "ஏண்டி, புள்ள நேத்துலருந்து வெளிக்குப் போகலங்குறேன், நீ பாட்டுக்கு வேடிக்கை பாத்துக்கிட்டு இருக்கியே" என்றாள். சமையலறைக்குப் போய் வெற்றிலைக் காம்பைக் கிள்ளி விளக்கெண்ணெயில் தோய்த்து எடுத்து வந்தாள். என்னையும் என் தம்பிகளையும் அப்படித்தான் வளர்த்தாள். நான் காலைப் பிடித்துக்கொண்டேன். காம்பு வைத்த மறு நிமிஷம் குழந்தை வெளிக்குப் போய்விட்டான். அம்மா நிம்மதியாகப் படுத்தாள். என் மகள் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள்.

அவள் அழுததற்குக் காரணம் உண்டு. பிரசவத்தில் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து திரும்பினாள். பால் ஊறவில்லை. பூண்டு, வெந்தயம், பால்சுறாப் புட்டு என்று எல்லாம் கொடுத்துப் பார்த்தோம்; குழந்தையை மாரில் போட்டுப் போட்டுப் பார்த்தோம். கடைசியில் மருத்துவரே பால் பவுடர் எழுதிக் கொடுத்தார். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் குழந்தையைத் தூக்குவதற்கு முன்பே டப்பாவைத்தான் பார்த்தார்கள். தாய்ப்பாலே சிறந்தது என்று அந்த டப்பாவில் அச்சிட்டிருக்க வேண்டும், குழந்தைப் படம் போடக் கூடாது என்பது 1992-ல் வந்த சட்டம். அவசியமான சட்டம் அது, நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் கொடுக்க முடியாமல் போன ஒருத்தி மூன்று மணிக்கொரு தரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே பால் கலக்குகிறாள் என்பதை வீட்டிலிருப்பவர்களாவது நினைத்துப் பார்க்க வேண்டும். குழந்தை முக்கும்போதெல்லாம், தன்னால்தான் இது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை நாளைக்கு ஒரு தரம் போகிறான் என்பதல்ல. "எப்படி இருந்துச்சு? கெட்டியா, களிம்பு மாதிரியா?" என்றார். களிம்பு மாதிரிதான் என்றேன். "அப்ப இது மலச்சிக்கலே இல்லம்மா."

அவர் விளக்கியது இன்னும் மனதில் நிற்கிறது. மலம் கழிக்க இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். வயிற்றை இறுக்கித் தள்ள வேண்டும். அதே சமயம் கீழே உள்ள தசையைத் தளர்த்த வேண்டும். நமக்கு இது யோசிக்காமல் நடக்கிறது. பிறந்த குழந்தைக்கு இந்த இசைவு இன்னும் பிடிபடவில்லை. மேலே தள்ளும்போதே கீழேயும் இறுக்கிக்கொள்கிறது. அதனால்தான் பத்து நிமிஷம், இருபது நிமிஷம் முக்கி, சிவந்து, அழுது, கடைசியில் இளக்கமாகவே போகிறது. அந்த அழுகைகூடத் தள்ளுவதற்கான அழுத்தம் தருகிறதாம். சில வாரங்களில் தானாகப் பழகிவிடும். மருந்து எதுவும் கிடையாது. காம்பு, சோப்புத் துண்டு, தெர்மாமீட்டர் முனை என்று ஒவ்வொரு தடவையும் நாம் கிளறிவிட்டால், குழந்தை அந்தத் தூண்டலுக்குக் காத்திருக்கப் பழகிக்கொள்ளும் என்றார். மெல்லிய தோல் கீறிவிடும், சோப்பு உள்ளே எரியும் என்பது வேறு.

பவுடர் பால் குடிக்கும் குழந்தையின் மலம் தாய்ப்பால் குழந்தையுடையதைவிடக் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. பிறகு படித்துப் பார்த்ததில் காரணமும் கிடைத்தது. இரண்டு பாலின் கொழுப்பிலும் பால்மிட்டிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. தாய்ப்பாலில் அது பெரும்பாலும் கொழுப்பு மூலக்கூறின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் அப்படியே செரித்து உள்ளே போய்விடுகிறது. பாமாயில் சேர்த்த பவுடர்களில் அது ஓரங்களில் இருக்கிறது. குடலில் கழன்று, சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சோப்பு மாதிரி கட்டிக்கொள்கிறது. மலம் அதனால் இறுகுகிறது. இதைப் படித்துக் காட்டிய பிறகுதான் என் மகள் கொஞ்சம் ஆறினாள். பவுடர் குழந்தைகள் தினம் ஒன்றிரண்டு தரம் போகலாம், ஒரு நாள் விட்டும் போகலாம். இளக்கமாக இருந்து, நன்றாகக் குடித்து, எடையும் ஏறினால் நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நான்காவது வாரத்தில் நிஜமாகவே கட்டிக்கொண்டது. மூன்று நாள் ஒன்றுமில்லை. பிறகு ஆட்டுப் புழுக்கை மாதிரி நாலைந்து உருண்டை, முனையில் ஊசி நுனியளவு ரத்தம். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

மருத்துவர் இந்த முறை கேட்டது ஒரே ஒரு கேள்வி. "பால் யாரு கலக்குறீங்க?"

பகலில் மகள், மாலையில் மருமகன், இரவில் நான் என்றேன். டப்பாவையும் புட்டியையும் கொண்டுவரச் சொல்லி, மூன்று பேரையும் ஒவ்வொருவராகக் கலந்து காட்டச் சொன்னார். மகள் கரண்டியைத் தட்டிச் சமமாக எடுத்தாள். மருமகன் முதலில் பவுடரைக் கொட்டிவிட்டுப் புட்டியின் 90 மில்லி கோடு வரை தண்ணீர் ஊற்றினார். நான் கரண்டியைக் குவித்து எடுத்தேன். இரவில் பிள்ளை வயிறு நிறைந்து தூங்கட்டும் என்று, தெரிந்தேதான் குவித்தேன். சோறு போடும்போது ஒரு கரண்டி கூட வைக்கும் கை அது.

எங்கள் டப்பாவில் 30 மில்லி தண்ணீருக்குத் தட்டிய கரண்டி ஒன்று என்று போட்டிருந்தது. வேறு நிறுவனத்தின் கரண்டி வேறு அளவு. ஒரு டப்பாவின் கரண்டியை இன்னொன்றில் போடக் கூடாது. தண்ணீரை முதலில் அளந்து ஊற்றிவிட்டுத்தான் பவுடர் போட வேண்டும். பவுடரைப் போட்டுவிட்டுக் கோடு வரை தண்ணீர் ஊற்றினால், பவுடர் அடைத்த இடத்துக்குத் தண்ணீர் குறைந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து, நான் குவித்து எடுக்கும் மூன்று கரண்டியைத் தட்டில் கொட்டி, தட்டிய கரண்டியால் அளந்தேன். நான்குக்கும் மேல் வந்தது. அத்தனை கெட்டியான பாலை, ஒரு மாதம்கூட ஆகாத சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் ராத்திரி முழுக்கக் கொடுத்திருக்கிறேன். தாகத்தில் அழுதவனுக்கு இன்னும் ஒரு புட்டி கெட்டிப் பால். இதை எழுதும்போதும் மனசு வலிக்கிறது.

நேர்மாறாக, நீர்க்கக் கலப்பதும் பெரிய தப்பு. 400 கிராம் டப்பா எங்கள் வீட்டில் ஆறு நாள்கூட வரவில்லை. கையில் காசு இல்லாத வீட்டில் ஒரு கரண்டி குறைப்பது நடக்கிறது. மலம் இளகும் என்று சொல்லிக் குறைப்பவர்களும் உண்டு. குழந்தை மெலியும், ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரை போகலாம். மலம் இளகத் தனியாகத் தண்ணீர் புகட்டுவதிலும் இதே ஆபத்து. பவுடர் பாலிலேயே வேண்டிய தண்ணீர் இருக்கிறது. சித்திரை வெயிலில் சந்தேகம் வந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைத் தண்ணீர், கற்கண்டுத் தண்ணீர், பசும்பால் எதுவும் வேண்டாம்.

கலக்கும் தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. அதனால் கொதிக்க வைத்த தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே பவுடரைக் கலக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. கலந்த பிறகு மூடிய புட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். மிச்சப் பாலை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்கக் கூடாது.

வாயுத் தொல்லைக்கும் பாதிக் காரணம் புட்டியில்தான் இருந்தது. நான் காபி ஆற்றுகிற வேகத்தில் புட்டியைக் குலுக்குவேன். நுரை பொங்கும். அந்த நுரை முழுக்கக் காற்று. இப்போது புட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டிக் கலக்குகிறோம், நுரை அடங்கும் வரை பொறுக்கிறோம். குழந்தையைப் படுக்கப் போட்டுப் புகட்டுவதில்லை. தலை உயர, பாதி உட்கார்ந்த மாதிரி மடியில் வைத்துக்கொள்கிறோம். நிப்பிள் முழுக்கப் பால் நிறைந்திருக்கும்படி புட்டியைச் சாய்த்தால் காற்றை உறிஞ்ச மாட்டான். துளை பெரிதாக இருந்தால் மடக்மடக்கென்று விழுங்கி மூச்சு வாங்குவான், ரொம்பச் சிறிதாக இருந்தால் இழுத்து இழுத்துக் காற்றைக் குடிப்பான். புட்டியைக் கவிழ்த்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது. பாதி குடித்ததும் ஒரு தரம், முடித்ததும் ஒரு தரம் தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் எடுக்கிறோம். ஐந்து நிமிஷத்தில் வராவிட்டால் விட்டுவிடலாம்.

அழுகை வந்துவிட்டால் செய்வதற்கும் சில உண்டு. மல்லாக்கப் படுக்க வைத்து இரண்டு காலையும் சைக்கிள் மிதிப்பது போல மெல்ல மடக்கி நீட்டுவது. பால் குடித்து அரை மணியாவது ஆன பிறகு, குழந்தையின் வயிற்றில் வலது கீழ்ப்பக்கம் தொடங்கி மேலே போய், விலாவுக்குக் கீழே குறுக்காக இடப்பக்கம் வந்து, அங்கிருந்து கீழே இறங்கும்படி விரல்களால் நீவுவது. பெருங்குடல் போகும் பாதை அதுதான். இந்த இடத்தில் என் அம்மாவின் கைக்கு இணை கிடையாது. காம்பைக் கீழே போட வைத்த நான், நீவுவதை அவளிடமே ஒப்படைத்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, உடம்பில் எண்ணெய் தடவி, எப்படி அழுத்தாமல் நீவ வேண்டும் என்று என் மகளுக்கு அவள்தான் கற்றுக்கொடுத்தாள்.

உரைமருந்துக்கு மட்டும் நாங்கள் இருவரும் சண்டை போட்டோம். கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், வசம்பு எல்லாவற்றையும் கல்லில் உரைத்து நாக்கில் தடவுவது எங்கள் பக்கத்து வழக்கம். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். ஆனால் எத்தனை உரைத்தால் எத்தனை மருந்து போகும் என்பது உரைக்கிறவர் கையைப் பொறுத்தது. வசம்பில் நஞ்சான பொருளும் இருக்கிறது. அம்மாவுக்கு வருத்தம்தான், ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தேன் அறவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்த நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் மலச்சிக்கல்தான். கட்டிக்கொண்டது என்று தேன் தடவினால் எங்கே போய் முடியும் என்று யோசியுங்கள். கிரைப் வாட்டர் 1851-ல் இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்ட் கொண்டுவந்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரையோடு சாராயமும் அதில் இருந்தது. பின்னாளில் சாராயத்தை எடுத்துவிட்டார்கள், ஆனால் வயிற்று வலியை அது போக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எங்கள் வீட்டில் வாங்கவில்லை.

கீழ்க்கண்டவை மட்டும் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயங்களே அல்ல. பிறந்து 48 மணி நேரமாகியும் கருமலம் போகாமல் இருந்தது என்றால், பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் பிறந்த குழந்தையாக இருக்கலாம். ஏறக்குறைய 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது வருகிறது, அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். பச்சையாக வாந்தி எடுத்தால், வயிறு கல் மாதிரி உப்பினால், பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தால், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் இருந்தால் உடனே மருத்துவமனைதான். நடு இரவானால் 108-ஐக் கூப்பிடுங்கள். மலத்தில் ரத்தமோ சளியோ கண்டால் அன்றைக்கே காட்டிவிடுங்கள். பாலின் புரதம் சேராத குழந்தைகளும் உண்டு. நீங்களாக வாரத்துக்கொரு டப்பா மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

எங்களுக்கு வேறு எந்த மருந்தும் தேவைப்படவில்லை. கரண்டியைத் தட்டிப் போட ஆரம்பித்த நான்காம் நாள் மலம் இளகியது. முக்கலும் அழுகையும் இன்னும் மூன்று வாரம் இருந்தன, பிறகு அவையும் நின்றன. சமையலறைச் சுவரில் மருமகன் ஒட்டிய காகிதம் இப்போதும் இருக்கிறது: முதலில் தண்ணீர் 90 மில்லி, பிறகு தட்டிய கரண்டி மூன்று.

உங்கள் வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை இருந்தால், பால் கலக்குகிற எல்லோரையும் இன்றைக்கே ஒன்றாக நிற்க வைத்து ஒரு தரம் கலந்து காட்டச் சொல்லுங்கள். இரவில் கலக்குகிற பாட்டியையும் விட்டுவிடாதீர்கள்.