முத்திரையை நம்பி மோசம் போகாதீங்க



நமக்கு ஊரு வெண்ணந்தூர். தறிச் சத்தத்திலேயே தூங்கி எழுந்த ஆளு. எங்க ஊர்ப் பெரியவங்க சேலை வாங்கினா முத்திரையை மட்டும் பார்த்துட்டு விடமாட்டாங்க. துணியைத் தொட்டு, புரட்டி, கரையைப் பார்ப்பாங்க. மத்திய அரசு 2006-ல் கைத்தறி முத்திரை கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான். ஆனா முத்திரைச் சீட்டை எந்தச் சேலையிலும் ஒட்டிடலாம், நெசவை ஒட்ட முடியுமா? நெட்வொர்க் பதிவுல சேலை எதுக்குன்னு கேட்கறீங்களா? வர்றேன்.

எங்க விடுதியில் அறைக்கு ஒரு லேன் இணைப்பு, நாலு பேர். நாலு மேக் முகவரியைப் பதிவு செஞ்சு, வேற எது வந்தாலும் அந்த போர்ட்டை மூடிடுன்னு சுவிட்ச்சில் அமைச்சிருந்தாங்க. இப்போ வர்ற மெல்லிசு லேப்டாப்பில் லேன் சொருகும் இடமே கிடையாது. யூஎஸ்பி அடாப்டர்தான். அதுக்குன்னு தனி மேக் முகவரி. என் அறை நண்பனோட அடாப்டர் ஒரு சனிக்கிழமை ராத்திரி செத்துப்போச்சு. பக்கத்து அறையில் கடன் வாங்கிச் சொருகினான். போர்ட் மூடிக்கிச்சு. நாலு பேருக்கும் நெட் இல்லை. ஞாயிறு நள்ளிரவுக்குள் கல்லூரியின் உள் சர்வரில் புராஜெக்ட் ஏத்தணும். வெளியில் இருந்து அதைத் தொட முடியாது, செல்போன் டேட்டாவும் உதவலை. திறந்துவிட ஆள் வந்தது திங்கட்கிழமை. மார்க் போனது நாலு பேருக்கு.

சரி, இவ்வளவு கறாரா இருந்து யாரைத் தடுத்தாங்க?

மேக் முகவரிங்கறது 48 பிட் எண். பன்னிரண்டு ஹெக்ஸ் எழுத்தா எழுதுவோம். தயாரிக்கும்போதே கார்டில் பதிஞ்சு வருது, ஆனா வெளியே அனுப்பும்போது எந்த எண்ணைச் சொல்லணும்னு மென்பொருள் முடிவு பண்ணலாம். லினக்ஸில் இரண்டு மூணு வரிக் கட்டளை போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (நம்ம குரோம்பேட்டை இல்லீங்க) 2010-ல் ஆரோன் ஸ்வார்ட்ஸ் ஜேஸ்டோர் ஆய்வுக் கட்டுரைகளை மொத்தமா இறக்கினார். அவர் லேப்டாப்பின் மேக் முகவரியைத் தடுத்தாங்க. கடைசி எழுத்தை 'பி'யிலிருந்து 'சி' ஆக்கிட்டு மறுபடி உள்ளே வந்தார்னு 2011 குற்றப்பத்திரிகை சொல்லுது. ஒரே ஒரு எழுத்து! விவரம் தெரிஞ்சவனுக்கு அவ்வளவுதான் பூட்டு. மாட்டுறது அடாப்டர் செத்துப்போன அப்பாவிதான்.

அதுக்காக இந்த வசதியே வேண்டாம்னு சொல்லலை. சுவிட்ச்சின் முகவரி அட்டவணைக்கு ஒரு அளவு உண்டு. பொய் முகவரிகளை ஆயிரக்கணக்கில் அனுப்பி அதை நிரப்பிட்டா, புதுசா வர்ற முகவரியை எழுத இடமிருக்காது. அப்புறம் யாருக்கோ போகவேண்டிய தகவலை எல்லா போர்ட்டுக்கும் அனுப்ப ஆரம்பிச்சுடும். போர்ட்டுக்கு இத்தனை முகவரிதான்னு வரம்பு வெச்சா இது நடக்காது. பிரிண்டர், கேமரா மாதிரி பாஸ்வேர்டு போடத் தெரியாத கருவிகளுக்கும் முகவரிப் பட்டியல் உதவும்.

என் கருத்து இதுதான்: மேக் வடிகட்டியை எண்ணிக்கை பார்க்க வெச்சுக்கோங்க, ஆளை அடையாளம் காண வெச்சுக்காதீங்க. சிஸ்கோ சுவிட்ச்சில் வரம்பு மீறினா 'ஷட்டவுன்'ங்கறது தானா வர்ற அமைப்பு. அதை 'ரெஸ்ட்ரிக்ட்'டுக்கு மாத்துங்க. புது முகவரியோட தகவலை மட்டும் தள்ளிட்டு, பதிவேட்டில் குறிச்சு வைக்கும். மத்தவங்க இணைப்பு அப்படியே இருக்கும். ஆளைத்தான் சரிபார்க்கணும்னா அதுக்கு 802.1எக்ஸ் முறை 2001-லேயே வந்தாச்சு, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டுத்தான் உள்ளே விடும். செலவாகும்பாங்க. ஃப்ரீரேடியஸ் இலவசம்தாங்க. அமைக்க நாலு நாள் உட்காரணும், அவ்வளவுதான்.

நம்மில் பலபேர் நாளைக்கு இந்த வேலைக்குத்தான் போகப்போறோம். ஒரு போர்ட்டை மூடும் வரியை அடிக்கும் முன்னாடி, அந்த வயரோட மறுமுனையில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி யார் உட்கார்ந்திருப்பாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிப்போம்.