பல்லைச் சீர்செய்வது படைப்பை மாற்றுவதா?



நாற்பத்து மூன்று வயதில் பற்களுக்குக் கம்பி கட்டிக்கொண்டு மதரஸாவுக்குச் சென்றேன். "இந்த வயதில் அழகு எதற்கு ஹஜ்ரத்? அல்லாஹ்வின் படைப்பை மாற்றலாமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

அழகுக்காகப் பற்களிடையே இடைவெளி உண்டாக்கும் பெண்கள் சபிக்கப்பட்டதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. குறையை நீக்குவதோ வேறு. போரொன்றில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொருத்திய வெள்ளி மூக்கு துர்நாற்றம் வீசியபோது, தங்கத்தால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை அபூதாவூதில் காண்கிறோம். ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும் தேவை கருதி அனுமதி கிடைத்தது.

என் கீழ்ப்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. மிஸ்வாக் எட்டாத இடுக்குகளில் ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது. மருத்துவர் முதலில் ஈற்றைக் குணப்படுத்தி, எலும்பின் உறுதியைப் பார்த்த பின்னரே கம்பி கட்டினார். சிகிச்சை 2 ஆண்டுகள் வரை நீளலாம். பிறகும் பற்கள் நகராதிருக்க ரிடெய்னர் அணியவேண்டும். முதல் வாரம் ஸீன், ஸாத் எழுத்துகளின் உச்சரிப்பு தடுமாறியது. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

உடல் அல்லாஹ் தந்த அமானிதம். அதைப் பேணுவதற்கு வயது வரம்பில்லை, நிய்யத்தே அளவுகோல். உங்கள் மனைவியோ தாயாரோ பல் வலியென்று சொன்னால், "இனி எதற்கு?" என்று தட்டிக்கழிக்காதீர்கள்.